ஜோதி அண்ணியின் புகையிலை சென்ட்

என் அண்ணி ஜோதியைக் குறை சொல்ல இந்த உலகத்தில் முதல் உரிமை எனக்குத்தான். நான் நாத்தனார். அந்த உரிமையை இத்தனை வருஷமாகக் குறைவில்லாமல் அனுபவித்தும் வருகிறேன். குழம்பில் புளி அதிகம், பேச்சில் சுவாரசியம் குறைவு. நாம் மூச்சு வாங்க ஒரு கதையைச் சொல்லி முடித்தால் "அப்படியா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவார். இதையெல்லாம் நான் சொல்லலாம். வெளி ஆள் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அண்ணிக்கு ஐம்பத்து மூன்று வயது. வையம்பட்டிப் பக்கம் பிறந்து, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தவர். அம்மா மண்டபம் ரோட்டில் மாடி போர்ஷன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கூரியர் ஆபீசில் புக்கிங் கவுண்ட்டர் வேலை. அண்ணன் போய்ச் சில வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் அண்ணி ஒரு நாள் கூட வேலைக்கு லேட்டாகப் போனதில்லை. ஒரே மகள் சுபஸ்ரீ பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எனக்கு எடமலைப்பட்டி புதூரில் வீடு என்றாலும் வாரத்தில் நாலு நாள் அண்ணி வீட்டில்தான் இருப்பேன்.

போன தீபாவளிக்கு அவள் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். திறந்தால் சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பிகள்.

"நீஷ் பெர்ஃப்யூம் அத்தை. எல்லாக் கடையிலயும் கிடைக்காது. சாம்பிள் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"சென்ட்டுன்னு சொல்லேன்டி, எங்களுக்கும் புரியும்" என்றேன்.

காகிதத் துண்டுகளில் தெளித்துத் தெளித்து நீட்டினாள். நான் இரண்டாவதிலேயே ரோஜாவைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி ஒவ்வொன்றையும் முகர்ந்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று மகளிடம் மெதுவாகக் கேட்டு, ஓரமாக வைத்துக்கொண்டே வந்தார். ஒன்றை மட்டும் கீழே வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதையே முகர்ந்துகொண்டிருந்தார். நான் வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணி, இது ரம்மு."

"ரம்மும் புகையிலையும், அத்தை. ஆம்பிளைங்கதான் நிறைய போடுவாங்க" என்றாள் சுபஸ்ரீ.

"எனக்கு இது போதும்" என்றார் அண்ணி.

பொங்கலுக்குப் பெரிய பாட்டிலே வந்துவிட்டது. விலையைக் கேட்டுவிட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களுக்குச் சொல்லி உங்கள் நிம்மதியைக் கெடுக்க மாட்டேன்.

அதிலிருந்து அண்ணியின் காலை இப்படித்தான். குளித்து, தலை துவட்டி, கொண்டை போட்டதும் பீரோவைத் திறப்பார். பின்கழுத்தில் ஒரே ஒரு முறை அடிப்பார். அது காயும்வரை ஜன்னல் ஓரம் சும்மா நிற்பார். வேலைக்குப் போகும் பெண்பிள்ளை காலையில் சும்மா நிற்பதை நான் அங்கேதான் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கினாலும் அசைய மாட்டார். அப்புறம்தான் புடவை. பட்டில் பட்டால் கறை விழும் என்று பருத்திப் புடவை கட்டும் நாளில் மட்டும் தலைப்பிலும் கொஞ்சம். சித்திரை வெயிலில் போட்டால் ஊரையே கூட்டிவிடும் என்பதால் அப்போது முழங்கை மடிப்பில் ஒரு தொடுதல், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. தை மாசக் குளிரில் தாராளம். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, போட்டுப் பார்த்துப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டார்.

கீழ் வீட்டு மாமி ஒரு நாள் மாடிப்படியில் நின்று, "ஏண்டிம்மா ராசாத்தி, உங்காத்துல யாரு சுருட்டு குடிக்கறா?" என்று என்னைக் கேட்டார். பஸ்ஸில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள், பின்னால் நின்ற பாவப்பட்ட மனுஷனை முறைத்துவிட்டு எழுந்து போனார். அண்ணி ஜன்னல் வழியாகக் காவிரியைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத்தான் மானம் போயிற்று. "நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க அண்ணி" என்றால், "பேசட்டும்" என்பார்.

ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். முதல் ஐந்து நிமிஷம்தான் அது சாராயக்கடை. பொறுத்திருந்தால், பொன்மலையில் என் சிநேகிதி டெல்பின் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறவைத்த திராட்சை ஜாடியைத் திறப்பார்களே, அந்த வாசம் வரும். மதியம் ஆனால் காய்ந்த புகையிலையும் பட்டையும் சூடான வெல்லப்பாகும். சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்து உட்காரும்போது காரம் எல்லாம் இறங்கி, தேன் வைத்திருந்த டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு இதம் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன், டிவி பார்க்கிற சாக்கில். அவருக்கும் அது தெரியும். காட்டிக்கொள்ள மாட்டார்.

வைகாசியில் சுபஸ்ரீக்குத் தொட்டியத்திலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் வளவன். அவளுடைய கம்பெனியிலேயே வேலை பார்க்கிறவன். தரகர் கொண்டுவந்த ஜாதகம் என்று நாங்கள் எல்லோரும் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னோம், கேட்டவர்களும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். வளவனுக்கு அம்மா மட்டும்தான். ரெங்கம்மாள் என்று பெயர். வாழைத் தோட்டத்தைத் தனியாளாக நின்று பார்க்கிற மனுஷி. வீட்டுக்காரர் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அந்த அம்மா போனிலேயே அண்ணியிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நகை நட்டு எதுவும் எனக்கு வேணாங்க. குடிக்கிற ஆம்பிளை நடமாடுற வீட்டுல மட்டும் சம்பந்தம் வெச்சுக்க மாட்டேன். நான் பட்டது போதும்."

"எங்க வீட்டுல ஆம்பிளைன்னா நாத்தனார் வீட்டுக்காரர் ஒருத்தர்தாங்க. அவரு டீ கூட குடிக்க மாட்டாரு" என்றார் அண்ணி. உண்மைதான். என் கணவர் சரவணனுக்குக் காலையில் வெந்நீர்தான்.

சுபஸ்ரீ என்னிடம் தனியாகச் சொன்னாள். "அத்தை, இந்த ஒரு விஷயத்துல அவங்க அம்மா சொன்னா சொன்னதுதான். வளவன் மீற மாட்டான். அவங்க வேணாம்னுட்டா அவ்வளவுதான்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. நான் தூக்கி வளர்த்த பெண்.

பெண் பார்க்க வருகிற அன்று காலையிலேயே அண்ணியிடம் சொன்னேன். "அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் அந்த சென்ட் வேணாம்."

"சரி" என்றார். போடவும் இல்லை. நானே கூட நின்று பார்த்தேன்.

எடமலைப்பட்டி புதூரிலிருந்து வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிவந்த என் கணவர் கண் சிவந்து போய் வந்து சேர்ந்தார். வெறும் சட்டையோடு வாசலில் நின்று வரவேற்றால் நன்றாக இருக்காதே என்று அண்ணி பீரோவைத் திறந்து, அண்ணனின் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துக் கொடுத்தார். சென்ட் பாட்டில் இருக்கிற அதே பீரோத் தட்டில் பொங்கலிலிருந்து மடித்துக் கிடந்த துணி. பழகிய மூக்கு எங்கள் எல்லோருடையதும். ஒருத்தருக்கும் எதுவும் தெரியவில்லை.

ரெங்கம்மாள் மாடி ஏறி வந்தார். என் கணவர் கைகூப்பி, குனிந்து, "வாங்க, வாங்க" என்றார். அந்த அம்மா ஒரு அடி உள்ளே வைத்தவர் நின்றுவிட்டார். பிறகு வந்து உட்கார்ந்தார். காபி கொடுத்தோம், தொடவில்லை. சுபஸ்ரீ தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். வளவன் அவளைப் பார்க்காமல் தன் அம்மாவைப் பார்த்தான்.

"தம்பி, நீங்க காலையிலயே ஆரம்பிச்சிடுவீங்களா?" என்று என் கணவரைக் கேட்டார் ரெங்கம்மாள்.

அவருக்குப் புரியவே இல்லை. "என்னதுங்க?" என்றார்.

"வாடை வருது. கண்ணும் சொல்லுது. இருபத்தஞ்சு வருஷம் இந்த வாடையோட குடித்தனம் பண்ணினவ நான்." எழுந்துவிட்டார். "வளவா, வண்டிய எடு."

வளவன் எழுந்தான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வெந்நீர் குடிக்கிற மனுஷனைப் பார்த்து என்ன பேச்சு இது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அண்ணி குறுக்கே வந்தார்.

"உக்காருங்க. அவரு குடிக்கல. அது என்னோட சென்ட்டு."

"பொம்பளை போடுற சென்ட்டாம்மா இது?"

அண்ணி பீரோவிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து, தன் மணிக்கட்டில் அடித்து நீட்டினார். ரெங்கம்மாள் முகர்ந்தார். முகம் சுருங்கியது.

"ரம்மு."

"ஆமாங்க. புகையிலையும் இருக்கு."

"மல்லி, ரோசான்னு ஆயிரம் இருக்கு. போயும் போயும் இதை எதுக்கும்மா போடுறே?"

அண்ணி பாட்டிலின் மூடியைப் போட்டார். பேச ஆரம்பித்தபோது, அத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அதுலெல்லாம் பூ இருக்குங்க. அவரு காரியம் முடிஞ்ச அன்னிக்கு, இனிமே பூ வேணாம்னு சொன்னாங்க. சரின்னுட்டேன். எதிர்த்துப் பேசல. ஆனா விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து தலையில வாசம் இல்லாம நான் வெளிய போனதில்லைங்க. கவுண்ட்டர்ல உக்காந்திருக்கறப்ப, பாதி நாள், நான் அங்க இருக்கேனான்னே எனக்குத் தெரியாது. இவ குப்பி குப்பியா நீட்டினப்ப, எதுல என்ன இருக்குன்னு கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். பூ இல்லாததுல இது மனசுக்குப் புடிச்சுது. புகையிலை வாசம் கூடாதுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலைங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடு என் அண்ணன் மேல் ஒரு கோபமும் வந்தது, இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போனதற்காக.

ரெங்கம்மாள் மெதுவாக உட்கார்ந்தார். அண்ணியின் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் தன் மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு தடவை முகர்ந்தார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ரம் அடங்கி, திராட்சையும் தேனும் மேலே வந்திருக்க வேண்டும்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் இவ்வளவு நல்லா மணந்ததில்ல" என்றார்.

வளவன் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டான். ரெங்கம்மாள் ஆறிப்போன காபியை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, சமையலறை வாசலில் இன்னும் தட்டோடு நின்றவளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. இந்த வாசம் எனக்கு ஜென்மத்துக்கும் ஆகாது."

சுபஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதனால நீ நம்ம வீட்டுக்கு வர்றப்ப, பூ இல்லாததா வேற ஒண்ணு பாத்து எனக்கு எடுத்துட்டு வா" என்றார் ரெங்கம்மாள்.