மீட்டர் துளையில் தேங்காய் எண்ணெய்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னுக்குப் பின் மாறியிருக்கும், பாதி மறந்துமிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் துறைமுகம் போகிற ரோட்டில் என் மருமகள் கடை வைத்திருக்கிறாள். படகில் உள்ள ஒயர்லெஸ், கடல் ஆழம் காட்டுகிற எக்கோ எல்லாம் ரிப்பேர் பார்ப்பாள். பெருக்கித் துடைப்பதும் டீ போடுவதும் நான். ஆள் வந்தால் அடுப்பு பக்கம் ஒதுங்கிவிடுவேன். எனக்குப் பேச வராது.

அவள் மேசையில் ஒரு பெரிய மீட்டர் உண்டு. அதில் செருகின இரண்டு கம்பி முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் பூஜ்யம் வரணும். வந்தால்தான் எந்த ஒயர் அறுந்தது என்று நம்பி அளக்க முடியும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற அன்று சாயங்காலம் ஒரு படகுக்கார அண்ணாச்சி எக்கோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“விடிஞ்சா கடலுக்குப் போணும். இது இல்லாம போனா வலை பாருல மாட்டிரும்மா, புது வலை” என்றார். கடலுக்கடியில் இருக்கிற பாறையைத்தான் எங்கள் பக்கம் பார் என்போம்.

மருமகள் முனைகளைத் தொட்டுப் பார்த்தாள். பூஜ்யம் நிற்கவில்லை. ஒன்று என்றது, மூன்று என்றது, அரை என்றது. மீட்டர் சூடாகட்டும் என்று அரைமணி நேரம் விட்டாள். ஃபேனால் இருக்குமோ என்று அதை நிறுத்தினாள், நாங்கள் மூன்று பேரும் வேர்த்ததுதான் மிச்சம். புதுக் கம்பி மாற்றினாள். அதுவும் ஆடியது.

“உள்ளதான் கோளாறு. மீட்டரை மதுரைக்கு அனுப்பணும் அண்ணாச்சி.”

அவர் முகம் செத்துப்போனது. மருமகள் கம்பி செருகின இடத்தைச் சும்மா அசைத்தாள். எண் துள்ளியது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

உப்புக்காற்றில் பூட்டு, கத்திரி, அரிவாள்மனை எது துருப்பிடித்தாலும் கோழி இறகால் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பது என் வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அந்த மீட்டரில் கம்பி செருகுகிற துளைகளுக்கும் வைத்திருந்தேன். நல்லது செய்ததாக நினைப்பு.

சொல்லாமல் இருந்திருப்பேன். புது வலை என்றாரே.

“ஏளா, அந்த ஓட்டையில எண்ணெய் விட்டது நாந்தான்.”

“எண்ணெயா? என்ன எண்ணெய் அத்தே?”

“தேங்காய் எண்ணெய்தான்.”

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். “கடுகு தாளிக்காம விட்டீங்களே ஆச்சி, அது போதும்!”

மருமகள் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துளைகளைத் துடைத்தாள். கறுப்பும் பச்சையுமாக எண்ணெய்ப் பிசுக்கு, உப்பு, தூசி எல்லாம் ஒட்டி வந்தது. முனைகளையும் துடைத்து, காயவிட்டு, மறுபடி தொட்டாள். பூஜ்யம் வந்து, புள்ளிக்குப் பிறகு ஒரு ஒன்று மட்டும் நின்றது. ஆடவேயில்லை. “அது கம்பியோட கணக்கு, கழிச்சுக்கிடலாம்” என்றாள். கால்மணி நேரத்தில் எக்கோ ஒயர் அறுந்த இடம் தெரிந்தது. பற்றவைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் கரை திரும்பினதும் அண்ணாச்சி ரோட்டில் நின்றே சத்தம் போட்டார். “ஆச்சி, வலை முழுசா வந்துட்டு!” நான் அடுப்பு பக்கம் போகாமல் வாசலுக்கே வந்து சிரித்தேன்.

இப்போது எண்ணெய்ப் புட்டி மருமகள் பூட்டுகிற அலமாரியில் இருக்கிறது. பூட்டுக்கு எண்ணெய் போட மட்டும் எனக்குத் தருகிறாள். துடைத்தது ஸ்பிரிட்தானா, நின்றது ஒன்றா இரண்டா என்று எனக்கு உறுதியில்லை. மீட்டர் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.