கால்வாய்ச் சுவரின் வெள்ளைப் பூ

அந்தம்மா எங்களோடு சேர்ந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. மூடி மறைக்க என்ன இருக்கிறது? பொறாமைதான். வயிறு எரிந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசியதில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்கு முன்னால் நாங்கள் இரண்டே பேர், நானும் என் தோழியும். பாயான் பாருவில் அடுத்தடுத்த அடுக்குமாடி புளோக்கில் வீடு. வேலையும் ஒரே பேக்டரியில், ஒரே வரிசையில். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே எலக்ட்ரானிக் போர்டை வைத்து, எங்கே ஈயம் ஒட்டவில்லை, எங்கே கோடு அறுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, கைப்பையில் கிடந்த சின்ன லென்ஸை எடுத்துக் காலடியில் இருந்த ஒரு களைப்பூவைப் பார்த்தேன். வெட்டுக்காயப் பூண்டு. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளுத்த இதழ். லென்ஸில் பார்த்தால் அது ஒரு பூவே இல்லை! நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. சுற்றியிருக்கும் இதழ் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. லென்ஸை அவளிடம் நீட்டினேன். "ஐயய்யோ, உள்ள ஒரு கல்யாணக் கூட்டமே இருக்குடி!" என்று கத்தினாள். பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாது. அவள் காலைப் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேரே கெரெத்தாவை, அதாவது காரை, எடுத்துக்கொண்டு வருவாள், நான் கீழே காத்திருப்பேன். இரண்டே குடும்பம் போதும் என்று வைத்துக்கொண்டோம். சாமந்திக் குடும்பம் ஒன்று, மணிப்பூக் குடும்பம் ஒன்று. சாமந்திக் குடும்பம் சுலபம். இந்தத் தீவில் எந்தப் புல்தரையில் குனிந்தாலும் நாலு வகை கிடைக்கும். மணிப்பூக் குடும்பத்தைத்தான் தேட வேண்டும். அடியில் ஒட்டி மேலே ஐந்தாகப் பிரியும் இதழ், காம்பை ஒடித்தால் பெரும்பாலும் பால். ஈரச் சுவரிலும் மலையோரத்திலும் என்றைக்காவது ஒன்று அகப்படும்.

ஒரு ரூலும் நான்தான் போட்டேன். பூவைக் கண்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவரவர் நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் பேச்சு. இல்லாவிட்டால் நான் முந்தி, நீ முந்தி என்று நடுரோட்டில் சண்டை வந்துவிடும். எங்கள் இரண்டு பேர் வாயும் அப்படி.

அந்தம்மாவைத் தோழிதான் சர்ச்சிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். டவுனில் ஆபீஸ் வேலை, எங்கள் வயதுக்கு ஐந்தாறு வருஷம் சின்னவர், போனிலேயே பூவின் மகரந்தம் தெரிகிற அளவுக்குப் படம் எடுப்பார். முதல் ஞாயிறு ரோட்டு நடுத்திட்டில் படர்ந்திருக்கும் மஞ்சள் பூவைக் காட்டி, "இதுதான் மஞ்சள் கரிசாலை" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் மெதுவாக ஓர் இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். "இலையில மூணு பிளவு இருக்கு பாருங்கக்கா. கரிசாலைக்கு இப்படி இருக்காது. இது அழகுக்கு நடுற வெடேலியாச் செடி லா. ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரிதான், யாருக்கும் குழப்பம் வரும்."

நான் நாலு வருஷமாக அந்த இலையை அரைத்து எண்ணெய் காய்ச்சித் தோழிக்குக் கொடுத்து வந்தவள். "அடிப்பாவி, என் தலையில என்னத்தடி தேய்க்க வச்சே?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் இருந்த எண்ணெய் முழுவதையும் சிங்க்கில் ஊற்றினேன்.

அதன்பிறகு எல்லாமே தலைகீழ். வழியில் ஏதாவது பூவைப் பார்த்தால் தோழி படத்தை முதலில் அந்தம்மாவுக்கு அனுப்புவாள், பிறகுதான் எனக்கு. சாப்பாட்டு நேரத்தில் "அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். அந்தம்மா ஒருநாள் முயல்செவியைத் தப்பாக எழுதினார். "பரவால்ல, கஷ்டமான செடி" என்றாள் தோழி. நான் தப்பு செய்தால் மட்டும் ஒரு வாரம் கிண்டல். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எனக்கு அந்தம்மாவின் அறிவு வேண்டாம், போனும் வேண்டாம். எனக்கு என் தோழி வேண்டும். பத்தொன்பது வயதில் பேக்டரியில் சேர்ந்த அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். நேற்று வந்தவர் அவளைக் கொண்டுபோய்விடுவாரோ என்பதுதான் என் பயம்.

அதனால் ஒரு பூவை ஒளித்து வைத்தேன். பாலிக் புலாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜாதிக்காய்த் தோட்டத்தை ஒட்டிய கால்வாய்ச் சுவரில் பார்த்தது. வெள்ளை வெளேரென்று ஐந்து முனை நட்சத்திரம், விரல் நீளத்துக்கு ஒல்லியான குழாய், ஒடித்தால் பால். அசல் மணிப்பூக் குடும்பம்! மூன்று நாள் தேடிப் படித்துக் கண்டுபிடித்தேன். அந்தப் பால் பொல்லாதது, கண்ணில் படவே கூடாது என்றும் படித்தேன்.

அடுத்த ஞாயிறு, தற்செயலாகப் போவது மாதிரி இரண்டு பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அந்தம்மாவுக்குப் பூவைப் பார்த்ததும் கண் விரிந்தது. காம்பை ஒடித்தார், பால் வந்தது, ஒரு சிரிப்பு. உடனே நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்: 'நந்தியாவட்டைக்குச் சொந்தம்.' எனக்கு உள்ளே தேன் பாய்ந்தது. நந்தியாவட்டை இலைக்கு விளிம்பில் பல் கிடையாது. இந்த இலை விளிம்போ ரம்பம். அதைக்கூடப் பார்க்கவில்லை அந்த மேதாவி! நான் நிதானமாக, அழகான கையெழுத்தில், தெரிந்த எல்லாவற்றையும் எழுதினேன்.

தோழிக்கு ஒரு வாரமாகக் கண் எரிச்சல், வேலை அப்படி. அவளும் அந்தம்மாவின் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டாள். கண் எரிந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? நந்தியாவட்டையைப் பறித்துக் கண்மேல் வைப்போம், குளிர்ச்சி என்று. அவள் ஒரு பூவைக் காம்போடு கிள்ளினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

கத்துவதற்கு நேரம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. கொஞ்சம் எரியட்டும், யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அப்போதாவது தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். ரூல் வேறு இருக்கிறதே, யாரும் இன்னும் நோட்டை மூடவில்லையே.

பூவைக் கண்ணில் ஒத்தியதும் அவள் போட்ட கூச்சலில் தோட்டத்து நாய் குரைத்தது. அந்தம்மா ஓடிவந்து, இமையைப் பிரித்துப் பிடித்து, இருந்த தண்ணீர் போத்தல் அத்தனையையும் ஊற்றினார். அவரே கெரெத்தாவை ஓட்டினார். பின்னால் என் மடியில் தலை வைத்து, "கண்ணு போச்சுன்னா வேலை போச்சுடி" என்று அவள் முனகிக்கொண்டே வந்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

கிளினிக்கில் மறுபடியும் கழுவினார்கள். கருவிழிக்குச் சேதம் இல்லை, நல்ல வேளை உடனே தண்ணீர் விட்டீர்கள் என்றார் டாக்டர். என்ன செடி என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றுவிட்டு மருந்து எடுக்கப் போனார். அந்தம்மா அழுதுகொண்டே, "எல்லாம் என்னாலதான். நான் தப்பா எழுதிட்டேன். அக்கா, நீங்க என்ன எழுதினீங்க?" என்று என் கையிலிருந்த நோட்டை வாங்கினார். நான் தடுப்பதற்குள் வாய்விட்டுப் படித்துவிட்டார்.

"மணிப்பூக் குடும்பம். பால் விஷம். கண்ணில் படக் கூடாது."

நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அந்தம்மா நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். அப்போதும் எனக்காகத்தான் பேசினார். "ரூல்தானேக்கா. எழுதி முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாதே, அதான் அக்கா சும்மா இருந்திருப்பாங்க."

கண்ணில் பஞ்சை ஒத்திக்கொண்டு படுத்திருந்த தோழி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "அவங்க எழுதினதைப் பார்த்து நான் வைக்கலடி. உன் மூஞ்சியைப் பார்த்தேன். இவளுக்குத் தெரியாத பூவா, ஆபத்துன்னா கத்தியிருப்பாளேன்னுதான் வச்சேன்."

டாக்டர் சொட்டு மருந்தோடு வந்தார். கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள் என்றார் என்னிடம். நகர்ந்து நின்றேன்.