தாலிக்கு ரெண்டு பர்சன்ட்

வேடசந்தூர் பக்கத்து நூல் மில் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து இப்போது சூப்பர்வைசர். மகனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவன் அப்பா தவறிவிட்டார். அன்றைக்கு வீடு நிறைந்த கூட்டத்தில் என் கொழுந்தனார், "இனிமே இதுகளுக்கு நாந்தான்" என்றார். சொன்னதோடு சரி. மறுமாதமே நான் மில் பஸ் ஏறினேன். அதனால் மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்றே ஒன்றை மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். மண்டபமும் சாப்பாடும் யார் செலவில் வேண்டுமானாலும் நடக்கட்டும், தாலி மட்டும் என் சம்பளத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும்.

பணம் திண்டுக்கல் பேங்கில் சம்பளக் கணக்கிலேயே கிடந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன்தான் போனில் சொன்னான். "அம்புட்டு பணத்த மொத நாளே எடுத்துத் தூக்கிக்கிட்டு பஸ்ல அலையாதம்மா. கிரெடிட் கார்டு வச்சிருக்கேல்ல, அதுல போடு. அடுத்த மாசம் கட்டிக்கலாம்." போனிலேயே பணம் அனுப்பும் வசதியை நான் வைத்துக்கொள்ளவில்லை. மில்லில் ஒருத்தி அதில் ஏமாந்து அழுததைப் பார்த்தவள் நான்.

எங்கள் ஆட்களில் தாலிப்பொன் எடுக்க நல்ல நேரம் பார்ப்பார்கள். அன்றைக்குப் பத்தே முக்கால் வரை நேரம் இருந்தது. ஒன்பதரை மணிக்கெல்லாம் திண்டுக்கல் கடைவீதி நகைக்கடையில் இருந்தோம். கொழுந்தனாரும் அவர் மனைவியான என் ஓரகத்தியும் கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். என்னைக் கதவோரத்து சோபாவில் உட்காரச் சொல்லி, கையில் ஒரு கூல்டிரிங்க்ஸைக் கொடுத்துவிட்டார்கள். புருஷன் இல்லாதவள் தாலியைக் கையில் வாங்கக் கூடாதாம். அதற்கும் சரி என்றுதான் போயிருந்தேன். யார் கை வாங்கினால் என்ன, யார் காசு என்பதுதானே எனக்கு முக்கியம்.

பில் போட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேலே கொஞ்சம். சோபாவிலிருந்து எழுந்து போய் கார்டை நீட்டினேன். கவுண்டர்காரர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூட ஆகும்மா" என்றார்.

"எதுக்கு?"

"அது பேங்க்காரன் எடுக்குறதும்மா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

ரெண்டு பர்சன்ட் என்றால் ரெண்டாயிரத்துச் சொச்சம். மில்லில் நான் நாலு நாள் நின்றால்தான் அந்தப் பணம். அந்தக் கடையின் கண்ணாடிக் கதவில் எல்லா கார்டும் வாங்கப்படும் என்று பட்டையாக ஒட்டியிருந்தார்கள். ரெண்டு பர்சன்ட் பற்றி ஒரு எழுத்து இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது.

"சேதாரம் போட்டீங்க, செய்கூலி போட்டீங்க, ஜிஎஸ்டி போட்டீங்க. எல்லாத்துக்கும் சரின்னுட்டேன். இப்ப நான் பணம் குடுக்குறதுக்கும் கூலியா?"

கவுண்டர்காரர் சிரித்தபடி என் ஓரகத்தியைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தாலிக்குப் பேரம் பேசுவதில்லை, கடையில் முகம் சுளிப்பதில்லை, எடுத்த பொன்னை வேண்டாம் என்று திருப்பி வைப்பதில்லை. இது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் பில் போட்டு முடித்த பிறகு, நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் இந்தப் பேச்சை எடுத்தார். வளையலோ கம்மலோ என்றால் வேறு கடைக்கு எழுந்து போயிருப்பேன் என்று அவருக்கும் தெரியும்.

"அக்கா, தாலி எடுக்குற எடத்துல வாயக் குடுக்காதீங்க. அதுவும் நீங்க" என்றாள் ஓரகத்தி.

அதுவும் நான். அதற்கு மேல் பேசினால், நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தாலும் என் வாய்தான் காரணம் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த ரெண்டாயிரத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. "செத்த நேரம் இருங்க, பேங்க்ல போயி ரொக்கமா எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பாஸ்புக் எப்போதும் என் பையில்தான் இருக்கும்.

அந்த வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். எனக்கு முன்னால் ஆறு பேர். சீட்டு எழுதி, டோக்கன் வாங்கி, பணத்தை எண்ணி வாங்கினேன். பாஸ்புக்கில் என்ட்ரியும் போட்டுக்கொண்டேன். அது பழக்கம், போடாமல் வர எனக்குக் கால் வராது. திரும்பக் கடைக்குள் நுழையும்போது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது.

தாலி தட்டில் இல்லை. ஓரகத்தியின் மடியில் சிவப்புப் பெட்டிக்குள் இருந்தது. கொழுந்தனார் தன் கார்டைப் பர்சில் சொருகிக்கொண்டிருந்தார்.

"நேரம் போயிருமேன்னு நானே போட்டுட்டேன் மதினி."

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே!"

"இருக்கட்டும் மதினி. எல்லாம் ஒண்ணுதான்."

நோட்டுக் கட்டை அவர் முன்னால் வைத்தேன். கடையில் இருந்த ஜனமெல்லாம் பார்த்தது. "அய்ய, இதென்ன பழக்கம், உள்ள வைங்க" என்று பெருந்தன்மையாகக் கையால் தள்ளிவிட்டார். பில் அவர் பேரில். கார்டில் போட்டதை ரத்து செய்துவிட்டு ரொக்கத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். "தாலிக்குப் போட்ட பில்ல ரத்து பண்றது நல்லதில்லம்மா" என்றார் கவுண்டர்காரர். ரெண்டு பர்சன்ட் வாங்கும்போது அவருக்கு நல்லது கெட்டது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் கொழுந்தனார் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அதே கட்டைக் கொடுத்தேன். சத்தமில்லாமல் வாங்கினார். எண்ணினார். "அந்த ரெண்டாயிரத்துச் சொச்சம்?" என்று கேட்டார். அதையும் கொடுத்தேன். எந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று வெயிலில் ஓடினேனோ, அதையே எண்ணி அவர் கையில் வைத்தேன்.

கல்யாண மண்டபத்தில் அவர் வாயிலிருந்தே கேட்டேன். பெண் வீட்டாரிடம், "அப்பன் இல்லாத பிள்ள, தாலிய நாந்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் என்று சொல்ல முடியாது, பில் இருக்கிறது. முகூர்த்த நேரத்தில் நான் என்ன வாயைத் திறப்பது? பந்தியில் போய் நின்று வெஞ்சனம் பரிமாறினேன்.

என் கார்டை மில்லில் நூல் வெட்டும் கத்தரியாலேயே நறுக்கினேன். இப்போது எனக்கு எல்லாம் ரொக்கம்தான். கேலி செய்கிறார்கள், செய்யட்டும். ஐந்நூறு ரூபாய் நோட்டு என் கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது அதுவும் ஐந்நூறுதான். நடுவில் நின்று எவனும் கிள்ளுவதில்லை. அதைவிட முக்கியம், நான் கொடுத்தேன் என்பதைப் பார்க்க எதிரில் ஒரு ஆள் இருப்பான்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் மருமகள் சாதாரணமாகக் கேட்டாள். "அத்த, இந்தத் தாலி சின்ன மாமா எடுத்துக் குடுத்ததாமே?"

பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து அவள் கையில் கொடுத்தேன். தேதியையும் தொகையையும் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். எழுந்து போய், தாலி வந்த சிவப்புப் பெட்டியை எடுத்து வந்தாள்.

"இந்தப் புக்கு தீந்ததும் எனக்குக் குடுத்துருங்க அத்த. இதுக்குள்ளதான் இருக்கணும்."

போன மாதம் அந்தப் புத்தகம் தீர்ந்தது. நானே மடித்து அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். என் கை அந்தப் பெட்டியைத் தொட்டது அன்றைக்குத்தான்.