பொம்மைக்கு மூச்சூதும் சோதனை

எழுபதுகளின் தொடக்கத்தில், ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ விடுதிக்கு நான் பொறுப்பு. பயிற்சித் தாதிமார் நாலு பேரை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். மூச்சில்லாமல் பிறக்கும் பிள்ளைக்கு வாயால் ஊதி மூச்சுக் கொடுக்கப் பழக்க வேண்டும். அதற்கென்று பழைய படுக்கைவிரிப்பில் ஒரு பொம்மை தைத்து வைத்திருந்தேன். நெஞ்சுக்குள் பலூன், வாயில் ரப்பர் குழாய். அரை நிமிடத்துக்குள் நெஞ்சு எழும்ப வேண்டும்.

மூன்று பேர் தேறிவிட்டார்கள். நாலாமவள் நயினாதீவில் ஒரு குருக்கள் வீட்டுப் பிள்ளை. தன் முறை வந்ததும் ஸ்பிரிட் பஞ்செடுத்து, சந்தனம் அரைப்பது போல ஆற அமரக் குழாயைத் துடைத்தாள். இரண்டு தடவையும் நேரம் ஓடிவிட்டது. எனக்குப் பொறுமை குறைவு.

"ஆசாரத்தை வீட்டில வைச்சிட்டு வாரும். நீர் துடைச்சு முடிக்கப் பிள்ளை செத்துப்போகும். நாளைக்கும் துடைச்சால் கையெழுத்துப் போடமாட்டன்" என்றேன்.

"ஓம் சிஸ்டர்" என்றாள். கையெழுத்து இல்லாவிட்டால் படிப்பு அத்தோடு நின்றுவிடும். வீட்டார் அவளை அரைமனதோடுதான் அனுப்பினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக மணிக்கூட்டை நிறுத்தவா முடியும்?

மறுநாள் காலை, சோதனைக்கு முன்னரே சரவணையிலிருந்து ஒரு பெண்ணைக் காரில் கொண்டுவந்தார்கள். பிள்ளை நீலம் பாரித்து, சத்தமில்லாமல் பிறந்தது. சளியை உறிஞ்சி எடுத்தேன். வாயைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன். இரத்தம் படிந்திருந்த அந்த வாயில் என் வாயை வைக்க மனம் வரவில்லை. அருவருப்பு, வேறொன்றுமில்லை. அதுவரை நான் ஊதியதும் பொம்மைக்கு மட்டும்தான்.

"துடைச்சது காணும், விடுங்கோ சிஸ்டர்."

பக்கத்தில் நின்ற குருக்கள் வீட்டுப் பிள்ளை என்னைத் தோளால் தள்ளிவிட்டுக் குனிந்து ஊதினாள். நாலாவது ஊதலில் குழந்தை முனகியது. பிறகு வீரிட்டு அழுதது.

கை கழுவும்போது, "இதுக்கு ஏன் பஞ்சு தேடேல்லை?" என்று கேட்டேன். கேட்டது எனக்கே பிடிக்கவில்லை.

"பொம்மையில மூண்டு பேரின்ர எச்சில் கிடந்தது. பிறந்த பிள்ளையில ஆரின்ர எச்சில், சிஸ்டர்?"

அவளுடைய சோதனைப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். எடுத்த நேரம் எழுதும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"எத்தினை செக்கன், சிஸ்டர்?" என்று ஆவலாகக் கேட்டாள்.

நான் மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"தெரியாது பிள்ளை" என்றேன். "துடைச்சுக்கொண்டு நிண்டது நான்தானே."