சத்தம் கேட்டால் சுடும் தொப்பி

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி விட்டால் பல்லி சொல்வதுபோல ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில் அந்தச் சத்தத்துக்குத்தான் டிவியில் வாத்துகள் விழுந்தன.

யுத்த காலம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அறை கொடுக்க எல்லோரும் பயந்த நேரத்தில் ராணி அன்ட்டி ஒருவர்தான் கதவைத் திறந்தார். கீழே அவர், மேலே அம்மா, அக்கா, நான். முதல் நாளே சொல்லிவிட்டார்: “சத்தம் ரோட்டுக்குப் போகக் கூடாது. போனா, நீங்களும் போக வேண்டியதுதான்.” அதற்குப் பிறகு சிரிப்பதென்றாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தோம்.

அந்த அறைக்குத்தான் கனடாச் சித்தப்பா, தன் பிள்ளைகள் விளையாடி அலுத்த ‘டிவி கேம்’ ஒன்றையும் அதோடு மாட்டுகிற ஒரு தொப்பியையும் கொழும்புக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினார். தொப்பி என்பது நாங்கள் வைத்த பெயர். காதுக்கு ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக், ஒரு கண்ணுக்கு முன்னால் சிவப்புக் குறி போட்ட கண்ணாடி. வாத்தைப் பார்த்து ‘ஃபயர்’ என்று கத்தினால் சுடும். அங்கே அது விலைபோகவில்லையாம். இருமினாலும் சுடுகிறது, நாய் குரைத்தாலும் சுடுகிறது என்று வாங்கினவர்கள் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்களாம். எங்கள் வீட்டிலும் கடற்கரைப் பக்கம் ரயில் போனால் தானாகவே சுடும். அதுக்குப் பைத்தியம் என்று அம்மா அதை ‘விசர்த் தொப்பி’ என்பார்.

எனக்கு அது பிடித்ததே அதனால்தான். என்ன பாஷை என்று அது கேட்கவில்லை. கத்தச் சொல்லியும் கேட்கவில்லை. நாக்குச் சத்தம் போதும் என்று அக்கா கண்டுபிடித்தாள். ரோட்டுக்கு ஒன்றும் கேட்காமல் நாங்கள் எத்தனையோ வாத்துகளைச் சுட்டோம்.

பிறகு வத்தளையிலிருந்து மச்சான் சுரேஷ் வந்தான்.

“என்னடா, ஊமையள் மாதிரி இருந்து விளையாடுறியள்? தாடா இஞ்ச!”

தொப்பியைப் போட்டுக்கொண்டு “ஃபயர்! ஃபயர்!” என்று கத்தினான். “மெல்லடா, மெல்லடா” என்று அம்மா ஓடி வருவதற்குள் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஒரு பொலிஸ்காரர், ஒரு ஆமிக்காரன், பின்னால் முகம் வெளிறிப்போய் ராணி அன்ட்டி.

“மே மொக்கத்த?” இது என்ன என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். சுரேஷின் வாய் அன்றைக்குத்தான் மூடியது. அக்கா தொப்பியை வாங்கித் தன் தலையில் போட்டாள். ‘டொக்.’ வாத்து விழுந்தது. பொலிஸ்காரர் தன் தொப்பியைக் கழற்றி ஆமிக்காரன் கையில் கொடுத்துவிட்டு எங்களுடையதைப் போட்டார். திரும்பவும் “மே மொக்கத்த?” என்றார். வெடித்தது. காதுக்குள் கேட்ட வெடிச் சத்தத்தில் அவர் துள்ளி விழ, ஆமிக்காரன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் வாத்தைப் பார்த்துப் பார்த்து “மொக்கத்த, மொக்கத்த” என்றார். தொப்பி அவருக்கும் சுட்டது.

அடையாள அட்டைகளைப் பார்த்தார். சுரேஷுடையதைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஹெமின் மல்லி” என்றார். மெதுவாக, தம்பி.

அவர்கள் இறங்கிப் போனதும் அம்மா உடுப்புகளை பேக்கில் அடுக்கத் தொடங்கினார். அக்கா அழுதாள். வேறு அறை கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ராணி அன்ட்டி மேலே வந்து பேக்கைப் பார்த்தார். பிறகு சுரேஷைப் பார்த்தார்.

“தொப்பி இருக்கட்டும். இந்தப் பொடியன் இனி இங்க வரக் கூடாது.”

அம்மா உடுப்புகளைத் திரும்ப வெளியே எடுத்தார்.

இப்போது அந்த வீடு இல்லை, அந்த இடத்தில் ஃபிளாட் கட்டிவிட்டார்கள். ராணி அன்ட்டியும் இல்லை. போன வருஷம் தொப்பியைத் தட்டையான புது டிவியில் மாட்டிப் பார்த்தேன். சிவப்புக் குறி வந்தது, சத்தத்துக்கு வெடித்தது, வாத்து விழவில்லை. பழைய பெட்டி டிவியில்தான் அது வேலை செய்யுமாம். அது தொப்பியின் பிழை இல்லை.

என் மகன் கல்கிசை வீட்டில் காதில் ஹெட்போனோடு, எங்கேயோ இருக்கிற சிநேகிதர்களோடு தமிழில் கத்திக் கத்தி விளையாடுகிறான். மெயின் ரோடான காலி வீதி வரைக்கும் கேட்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை.