பாய்மரம் நிமிர்த்தும் முன்

இந்த நாட்டில் படகுகள் தார்ச்சாலையில் போகின்றன. ஆஸ்திரேலியா வந்த புதிதில் எனக்குப் பழகவே முடியாமல் இருந்தது குளிரோ சாப்பாடோ அல்ல, இதுதான். ஞாயிறு காலை பஸ்ஸுக்காக நிற்கும்போது சிவப்பு விளக்கில் ஒரு கார் வந்து நிற்கும். பின்னால் ட்ரெய்லரில் முழுப் படகு ஒன்று, அடிவயிறு தெரிய, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். ஓட்டுகிறவர் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் ஒரு வண்டி இன்னொன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் அது பழுதான லொறியாகத்தான் இருக்கும். பெரகல சந்திக் கடைக்காரர்கள் வெளியே வந்து, யாருடைய லொறி, எந்த வளைவில் நின்றது என்று விசாரித்துவிட்டுத்தான் விடுவார்கள்.

நான் ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். கட்டார் ஹோட்டல் சமையலறைகளில் எட்டு வருடம் இருந்துவிட்டு, அங்கிருந்து இந்தக் கடலோரச் சிற்றூரின் முதியோர் இல்லத்துக்குச் சமையல்காரனாக வந்தேன். கலியாணம் கட்டவில்லை. ஊருக்குக் கடைசியாகப் போனது அம்மாவின் கருமாதிக்கு. ஏன் அதற்குப் பிறகு போகவில்லை என்று கேட்பவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்வேன். கேட்பவர்களும் இங்கே குறைவு.

இல்லத்தில் குழாய், மின்விளக்கு, புல்வெட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் கிரஹாம். அறுபது தாண்டியவர், தனி ஆள். அவர் பேசுவது முதல் ஒரு வருடம் எனக்குப் பாதிதான் விளங்கியது. ஒருநாள் சமையலறைக் குழாய் ஒழுகியபோது பார்த்துவிட்டு, "ஷீ வில் பீ ரைட்" என்றார். அவள் சரியாகிவிடுவாள் என்கிறாரே, வீட்டில் யாருக்கோ சுகமில்லை போலும் என்று நினைத்து, உங்கள் மனைவிக்கு என்ன வருத்தம் என்று கேட்டுவிட்டேன். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு இல்லத்தில் வேலைசெய்யும் ஒருத்தி எனக்குச் சொல்லித்தந்தாள். அந்தத் தவறான கேள்விக்குப் பிறகுதான் கிரஹாம் மத்தியானத்தில் என் மேசையில் வந்து உட்கார ஆரம்பித்தார். அவரிடம் மனைவியோடு வாங்கிய சிறிய பாய்மரப் படகு ஒன்று இருந்தது. மனைவி போனதிலிருந்து அது தார்ப்பாய்க்குள் கிடந்தது. இந்தக் கோடையில் அதை மறுபடி இறக்கப்போகிறேன், பாய்மரம் தூக்க ஓர் ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். போனேன்.

படகு இறக்குவதற்கென்று கரையில் கொங்கிரீட் சரிவு ஒன்று கட்டியிருக்கிறார்கள். ரேம்ப் என்கிறார்கள். ட்ரெய்லரைப் பின்பக்கமாகச் சரிவில் விட்டால் படகு தானாக மிதந்துவிடும். அதற்கு முன்பு மேலே தட்டையான இடத்தில் நிறுத்தி, படகின் மேல் படுக்கவைத்துக் கட்டியிருக்கும் பாய்மரத்தை நிமிர்த்த வேண்டும். அன்று மீன்பிடிப்பவர்களின் வண்டிகளால் வழக்கமான இடம் நிறைந்திருந்தது. கிரஹாம் கழிவறைக் கட்டடத்தின் பக்கமாக ஓர் ஓரத்தில் ட்ரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தினார். பாய்மரம் அலுமினியம், மூன்று ஆள் நீளத்துக்கு மேல். அவர் படகுக்குள் நின்று அதைத் தோளில் ஏந்தி உயர்த்த, நான் கீழே முன்பக்கக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். பாதிக்கு மேல் எழுந்துவிட்டது. அவர் திரும்பாமலே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார்.

நான் மேலே பார்த்தேன். கழிவறைக்கு வரும் மின்கம்பி பாய்மரத்தின் நுனிக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியும். "அண்ணே, விடு, விடு" என்று தமிழில் கத்தினேன். கயிற்றை விட்டுவிட்டு ட்ரெய்லரில் ஏறி, அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். பாய்மரம் சரிந்து படகின் கண்ணாடியை உடைத்தது. கிரஹாமின் முழங்கை கிழிந்து இரத்தம் வந்தது. நான் அவரை அடிக்க வந்ததாக நினைத்து மீன்பிடிக்க வந்த இருவர் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலம் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. கையை மட்டும் மேலே காட்டினேன். கிரஹாம் படுத்தபடியே அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். நான் பஸ்ஸில் வந்தேன்.

இதை எழுதுவதற்கு இந்தச் சம்பவம் காரணம் அல்ல. எனக்கு இருபத்தொரு வயதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது நான் பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் மின்சாமான் கடையில் வேலை. தீபாவளிக்கு முதல்நாள், கடையில் பழையதாகிப்போன ஒரு டீவியையும் அன்டனாவையும் முதலாளி எனக்குக் கொடுத்தார். பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தேன். எங்கள் லயத்தில் அதுதான் இரண்டாவது டீவி. அண்ணன் முருகேசு தேயிலை கவ்வாத்து வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கால்கூடக் கழுவாமல் தகரக் கூரையில் ஏறி, இரும்புக் குழாயில் அன்டனாவைக் கட்டி உயர்த்தினார். நான் உள்ளே டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் புள்ளி புள்ளியாக இரைந்தது. ஓர் ஆளின் முகம் வருவதுபோல் இருந்தது. "இன்னும் கொஞ்சம் தூக்குங்கண்ணே" என்றேன். தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் மின்கம்பி எங்கள் லயத்தின் மூலைக்கு மேலால்தான் போனது. பிறந்ததிலிருந்து பார்த்த கம்பி.

அண்ணனின் சாவை விசாரிக்க வந்தவர்களிடம் அவர் தானாக ஏறினார் என்று சொன்னேன். அது பொய் இல்லை. நான் கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, அண்ணி பார்வதியிடமும் சொல்லவில்லை. அண்ணி அப்போது கலியாணமாகி இரண்டு வருடம். அவர்கள் இருவரும் என் தட்டில் சோறு போடும்போது அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் கட்டாருக்குப் போனேன். குடும்பக் கஷ்டத்துக்காகப் போனான் என்று தோட்டத்தில் எல்லோரும் பெருமையாகப் பேசினார்கள்.

படகிலிருந்து விழுந்த அன்று மாலை அண்ணிக்கு போன் எடுத்தேன். அங்கே மத்தியானம், ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். அம்மா போன பிறகும் அண்ணி அதே லயத்து அறையில்தான் இருக்கிறார், கொழுந்து பறிக்கப் போகிறார். வழக்கமாக நாங்கள் மழை, சுகம், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார்கள் என்பதோடு முடித்துக்கொள்வோம். அன்று நான் கிரஹாமின் பாய்மரத்தைச் சொல்லத் தொடங்கி, நிறுத்த முடியாமல், இதையும் சொல்லிவிட்டேன்.

அண்ணிக்குப் பின்னால் கோழி கத்தியது கேட்டது.

"நான் அடுப்படியிலதான இருந்தேன், தம்பி. நீங்க சொன்னது கேட்டுச்சு" என்றார்.

"அப்ப ஏன் யாருக்கும் சொல்லல?"

"அத்தைக்கும் கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரியே என் கையப் புடிச்சுக்கிட்டு, ஒருத்தன் போயிட்டான், இவன்கிட்ட இதக் கேட்டா இவனும் போயிருவான், கேக்காதன்னாங்க. நான் கேக்கல."

என்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்லாம என்ன. இருந்துச்சு. இப்பவும் சில நாள் இருக்கு" என்றார். பிறகு, மழை வருகிறது, துணி காயப்போட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு வருடமும் ஒவ்வொரு போனிலும் சாப்பிட்டாயா என்று கேட்ட அம்மாவுக்கு. யாருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து நான் நாடு நாடாக ஓடினேனோ, அவர்களுக்கு அது முதல் நாளே தெரியும். நான் ஓடியிருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது.

அந்த வாரம் முழுக்க கிரஹாம் என் மேசைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை சமையலறை வாசலில் வந்து நின்றார். முழங்கையில் இன்னும் கட்டு இருந்தது. விழும்போது நீ ஒரு சொல் கத்தினாய், அண்ணே என்றால் என்ன என்று கேட்டார். மூத்த சகோதரன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஞாயிறு. காலை ஆறு மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு அவர் அவசரப்படவில்லை. ட்ரெய்லரை நிறுத்தியதும் இறங்கி, முதலில் அண்ணாந்து பார்த்தார். நின்ற இடத்திலிருந்து சரிவு வரைக்கும் நடந்து, வழிநெடுக மேலே பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார். நானும் அதே வழியில் நடந்து பார்த்துவிட்டு வந்து, சரி என்றேன். அதற்குப் பிறகுதான் பாய்மரத்தில் கை வைத்தோம். தண்ணீர் வடியவிடும் படகின் அடித்துளைக்குத் தக்கை போட்டு அதை இரண்டுமுறை திருகிப் பார்த்தார். படகை ட்ரெய்லரோடு பிணைத்திருந்த பின்கட்டு வாரை அவிழ்த்தார். முன்பக்கக் கொக்கியை மட்டும் தண்ணீர் வரும்வரை தொடாதே, சரிவிலேயே படகு வழுக்கி கொங்கிரீட்டில் விழுந்துவிடும் என்றார். முன்னும் பின்னும் கயிறு கட்டி இரண்டையும் என் கையில் தந்தார். நான் வழிகாட்ட, அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு விட்டார். கைபிரேக் போட்டபின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கொக்கியைக் கழற்றியதும் படகு எடையே இல்லாததுபோல் கையில் ஆடியது. அவர் காரை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வரும்வரை நான் தனியாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறியதும் கிரஹாம் ரேடியோவை எடுத்தார். கடலுக்குப் போகும் சிறிய படகுகள் கரையிலிருக்கும் மீட்புத் தொண்டர்களிடம் சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். எத்தனை பேர், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொன்னார். ரேடியோவில் இருந்த பெண், நீங்கள் திரும்பாவிட்டால் கரையில் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்டாள். கிரஹாம் என்னைப் பார்த்தார். நான் அண்ணியின் பெயரையும் எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அது வெளிநாட்டு எண், இங்கே உள்ளூரில் ஒருவர் வேண்டும் என்றாள்.

நான் யோசித்தேன். ஆறு வருடம் இருந்த ஊர். ஒரு பெயரும் வரவில்லை.

கிரஹாம் தன் வீட்டு எண்ணைக் கொடுத்தார். அவள் அதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்து, நல்ல பயணம் அமையட்டும் என்றாள். அவர் ரேடியோவை வைத்துவிட்டுப் பாயை ஏற்றினார். காற்று பிடித்தது. நாங்கள் இருவரும் படகில் இருந்தோம். ரேம்பிலிருந்து ஐந்து நிமிடத் தூரத்தில் இருக்கும் கிரஹாமின் வீட்டில் போனை எடுக்க ஆள் கிடையாது. எடுக்கக்கூடிய ஒரே ஆளான அண்ணி, இன்னும் விடியாத மலைமேல் லயத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவரால் வர முடியாது.