தகர மூடியில் இருந்த பச்சை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்னைப் பழைய கார்களின் ஊர்வலம் பார்க்க அழைத்துப் போனான். நாங்கள் இப்போது இருக்கும் கோபர்கைரனேயிலிருந்து ரயில் ஏறிப் போய் ரோட்டோரத்தில் இடம் பிடித்து நின்றோம். வெள்ளைக்காரன் காலத்துக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மஞ்சளில் ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. "எம்மா, என்னா கலரு பாரேன்!" என்று அவன் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். எனக்கோ, அந்த மஞ்சள் அந்தக் காருக்குச் சொந்த நிறம்தானா, அடித்தவர் எதைப் பார்த்து அடித்தாரோ என்று ஒரு பயம். "முருகா, முருகா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். பேரன் எடுக்கப் போகிற வயதில் ஒருத்தி காரின் நிறத்தைப் பார்த்துப் பயந்தாள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதனால் அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஊரைவிட்டுப் பிழைக்க வந்த தமிழர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரே அறையுள்ள வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். அதனால் பகலிலும் டியூப்லைட் எரியும். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கேரேஜில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்துவந்தார்கள். அப்பாவை அங்கே எல்லோரும் மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நசுங்கி வந்த காரில் ஒரு கதவை மட்டும் அவர் புதிதாக அடித்தால், எந்தக் கதவு என்று காரின் சொந்தக்காரராலேயே சொல்ல முடியாது.

அந்த வருடம் மழை விட்டதும் ஒரு பார்சி சேட் தன் பழைய காரைக் கொண்டுவந்து விட்டார். நெடுநெடுவென்று உயரம், கையில் தடி, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல். கார் ரத்தச் சிவப்பு. எங்கள் சந்துப் பிள்ளைகள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்க்கவே கேரேஜுக்குப் போனோம். கல்யாண மாப்பிள்ளைகள் அந்தச் சிவப்புக்காகவே அதை வாடகைக்குக் கேட்பார்களாம். ஆனால் சேட்டுக்கு அந்தச் சிவப்பைக் கண்டாலே ஆகாது. அது அவருடைய தகப்பனார் வாங்கிய கார். சேட் வெளிநாட்டில் இருந்தபோது அவருடைய தம்பிக்காரர், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று சிவப்பு அடித்துவிட்டார். பழைய கார்களின் போட்டியில் மார்க் போடுகிறவர்கள் அதைச் சுற்றிவந்து பார்த்து, காரில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இது அந்தக் காரே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

சாப்பிடும்போது அப்பா இதைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

"செவப்புதான அழகா இருக்கு?" என்றேன்.

"செவப்பு பாக்கிறவனுக்கெல்லாம் புடிக்கும்ட்டி. அவரு அதுல சின்னப்பிள்ளையா உக்காந்து போயிருக்காரு. அவருக்கு அவரு அப்பா ஓட்டுன காருல்லா வேணும்?"

"அது என்ன கலருப்பா?"

"அதைத்தான் தேடணும்."

தேடுவது என்றால் வெயிலும் மழையும் பிரஷ்ஷும் போகாத இடமாகப் பார்ப்பது. கதவுக் கீலுக்குப் பின்னால், டேஷ்போர்டுக்கு அடியில், ரப்பருக்குக் கீழே. அந்தத் தம்பி பழைய பெயிண்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு மூலைமுடுக்கு விடாமல் அடித்திருந்தார். கார் முழுவதையும் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துத் தகரம் தெரிய ஆக்கியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் டிக்கிக்குள், ஸ்டெப்னி டயருக்கு அடியில் இருந்த ஒரு வட்ட மூடியை மட்டும் யாரும் தொடாமல் விட்டிருந்தது தெரிந்தது. சின்னத் தாம்பாளம் அளவுக்கு ஒரு தகர மூடி. அதில் இருந்தது அந்தக் காரின் நிறம். வெந்த பாசிப்பயறின் பச்சை, அதில் கொஞ்சம் சாம்பல் கலந்ததுபோல.

சேட் அதைக் கையில் வாங்கி விரலால் தடவித் தடவிப் பார்த்தாராம். பிறகு தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "மிஸ்திரி, உலகத்திலே இது ஒண்ணுதான் இருக்கு. இது போச்சுன்னா நீயும் இந்த கேரேஜ்ல இல்லே" என்று இந்தியில் கத்தினாராம். கேரேஜ் முதலாளியும் பக்கத்தில் நின்று தலையாட்டினாராம். சித்தப்பா அந்தக் குரலை அப்படியே செய்துகாட்டினார். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலை பெயிண்ட் கலக்கும் கடைக்கு அந்த மூடியைக் கொண்டுபோக வேண்டும். கேரேஜில் வைத்தால் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் சிந்திவிடும் என்று வெள்ளிக்கிழமை மத்தியானமே அப்பா அதை வீட்டுக்கு எடுத்துவந்தார். நான்கு பேர் படுத்துப் புரளும் அறையில் கால் படாத இடம் ஒன்றுதான் உண்டு. சாமி அலமாரியில், முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது என் பொறுப்பு. விளக்கை ஏற்றினேன், பூவை வைத்தேன். சாமிக்கு முன்னால் எதை வைத்தாலும் அதற்குச் சூடம் காட்ட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த முறை. ஆயுத பூஜைக்கு அப்பாவின் பெயிண்ட் துப்பாக்கிக்கும் சூடம் காட்டுவார்கள். இந்த மூடிக்குக் காட்டாமல் விட்டால் அப்பாவின் வேலை எப்படி நல்லபடியாக முடியும்? ஆனால் எங்கள் சூடத்தட்டு பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு இரவல் போயிருந்தது. மூடியோ தட்டுப்போலவே வட்டமாக, விளிம்போடு இருந்தது. இரண்டு வில்லைச் சூடத்தை அதன் நடுவிலேயே வைத்துக் கொளுத்தினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். முருகன் சாட்சி.

பெயிண்ட் பொரிந்தது. அப்பளம் பொரிவதுபோலக் கொப்புளம் கொப்புளமாக எழும்பிக் கறுத்தது. ஊதி அணைத்தேன். எடுக்கப்போய் விரல் சுட்டது. நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. அத்தோடு விட்டிருந்தால் ஓரத்திலாவது அந்தப் பச்சை மிஞ்சியிருக்கும். நான் புளியை எடுத்துக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்தேன். கரி போகவில்லை. தேங்காய்நாரும் சாம்பலும் போட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கரி போயிற்று. கூடவே அத்தனை பச்சையும் உரிந்து போயிற்று. கையில் வெறும் தகரம் மின்னியது.

உலகத்திலே இது ஒன்றுதான் இருக்கிறது என்ற குரல் காதுக்குள்ளேயே கேட்டது. அந்த நெட்டை மனிதர் தடியோடு எங்கள் சந்துக்குள் வருவது கண்முன்னால் தெரிந்தது. அப்பாவைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுப்பது தெரிந்தது. முருகன் படத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். "அப்பாவுக்குத் தெரியாமப் பாத்துக்கோ சாமி. என் முடியைத் தாரேன்" என்று வேண்டிக்கொண்டேன். என் முடி அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும். அம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. அதைவிடப் பெரிதாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கட்டிலுக்கடியில் அப்பா மிச்சம் மீதி பெயிண்டைச் சின்னச் சின்ன டப்பாக்களில் வைத்திருப்பார். பீரோவுக்கு அடித்த பச்சை இருந்தது. வெள்ளை கொஞ்சம், கறுப்பு ஒரு சொட்டு. குச்சியால் கலக்கிக் கலக்கிப் பார்த்தேன். மிஸ்திரி மகள் அல்லவா, ஒருவழியாக வந்துவிட்டது. துணியைச் சுருட்டி ஒற்றி ஒற்றிப் பூசினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் அதே பாசிப்பயறு. டேபிள் ஃபேனை அதன் முகத்துக்குத் திருப்பி வைத்தேன். வாசனை போவதற்காக அரைக்கட்டு ஊதுபத்தியை ஒரே நேரத்தில் கொளுத்திவிட்டு, மூடியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

குடத்தோடு உள்ளே வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னட்டி இது, கோயிலுக்குள்ள வந்த மாதிரில்லா இருக்கு! எம் மவளுக்கு என்ன பக்தி!" என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். சுட்ட விரலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். அப்பா வந்து அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூடியைத் தொடவில்லை.

காலையில் குளித்து, திருநீறு பூசி, அதை இரண்டு கையாலும் எடுத்தார். எடுத்தவர் ஒரு கணம் நின்றார். தன் விரலில் ஏதோ ஒட்டியதைப் பார்த்தார். பிறகு வெளியே நடந்தார். அப்பா எந்த நிறத்தையும் வெயிலில்தான் பார்ப்பார். டியூப்லைட் பொய் சொல்லும் என்பார். எனக்கு அது அந்த நிமிடத்தில்தான் நினைவுக்கு வந்தது. ஸ்கூல் பையோடு பின்னாலேயே ஓடினேன்.

சந்து முனையில் வெயில் விழும் இடத்தில் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்று மூடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனார். எத்தனை நேரம் நின்றார் என்று தெரியாது. "முருகா, முருகா" என்று எண்ணிக்கொண்டிருந்தேன், நூறைத் தாண்டிவிட்டது. அவர் திரும்பியபோது நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தேன். கிட்டே வந்தார். என் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். விரல் நுனியில் கொப்புளம், நகக்கண்ணில் பச்சை.

"விளக்கேத்தும்போது சுட்டுட்டோ?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"பாத்து ஏத்தணும், என்னா? போ, ஸ்கூலுக்கு நேரமாச்சுல்லா."

அவ்வளவுதான். மூடியைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். முருகன் அப்பாவின் கண்ணை மறைத்துவிட்டான் என்று எனக்குப் புல்லரித்தது.

ஆனாலும் பயம் விடவில்லை. அந்த நிறத்தைக் காருக்கு அடித்த பிறகு சேட் கண்டுபிடித்துவிட்டால்? சந்துக்குள் தடியூன்றும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போவேன். அது எங்கள் தெருப் பூக்காரத் தாத்தாவாக இருக்கும். ஒரு வாரம் போயிற்று. சேட் வரவில்லை. அப்பா கேரேஜுக்குப் போகாமல் காலையிலேயே அணுசக்தி நகர் பக்கம் போக ஆரம்பித்தார். அங்கே வீடுகளின் ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் பெயிண்ட் அடிக்கிற வேலை. தினமும் சட்டையில் ஒரே கறுப்பு நிறமாக வருவார்.

"சேட்டு காரு என்னப்பா ஆச்சு?" என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"அதை வேற ஆளு பாக்குதாவ."

ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முறத்தில் அரிசியைப் புடைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை நடந்ததை எனக்குச் சொன்னவர் சித்தப்பா. பல வருடம் கழித்து அப்பா காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது சொன்னார். அப்பா கலக்கும் கடைக்குப் போகவே இல்லையாம். நேரே சேட்டிடம் போய் மூடியை நீட்டி, இது ஒரிஜினல் இல்லை, என் கையால் கெட்டுப்போயிற்று என்று சொல்லியிருக்கிறார்.

"நான் தலையில அடிச்சுக்கிட்டேன் தாயி. 'அண்ணே, உம்ம கண்ணுக்குள்ள அந்தக் கலரு இருக்குல்லா, நீரே கலக்கிரும், எந்தப் பய கண்டுபிடிப்பான்'னேன். 'நான் ஒரு பச்சையக் கலக்கிக் குடுத்து, அவரு அதைத் தகப்பன்னு நெனச்சுத் தடவிக்கிட்டுக் கெடக்கணுமாலே'ன்னு கேட்டாரு பாத்துக்கோ. சேட்டு தடியத் தூக்குனாரு. அடிப்பாருன்னு நான் குறுக்க போனேன். கீழ போட்டுட்டு அப்படியே காரு படியில உக்காந்து அழுதாரு. கெழவன் அழுததை என்னால பாக்க முடியல."

சாயங்காலமே முதலாளி அப்பாவைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். காருக்கு வேறு யாரோ கறுப்பு அடித்தார்களாம். கறுப்பு என்றால் பழைய கார் எதற்கும் பொருந்திப்போகும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று.

சித்தப்பாவுக்குக்கூட அதைக் கெடுத்தது அப்பாதான் என்றே எண்ணம். கெடுத்தது நான்தான் என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

வேண்டுதலைச் செலுத்திய நாளைச் சொல்லி முடிக்கிறேன். அது தைப்பூசம் நெருங்கும் சமயம். கனவில் முருகன் வந்து முடி கேட்டதாக அம்மாவிடம் பொய் சொன்னேன். அவள் பதறிப்போய், "பொம்பளப்பிள்ள முடியப் போய்க் கேட்டுட்டாரே" என்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கேட்டா குடுத்துர வேண்டியதுதான்" என்றார். செம்பூரில் முருகன் கோயிலுக்குப் போனோம். அங்கே அவர் மொட்டை போட இரண்டு சீட்டு வாங்கினார். எதற்கு இரண்டு என்று அம்மா கேட்டாள். "சும்மா, பிள்ளைக்குத் துணைக்கு" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். என் நீளமுடியும் அவருடைய நரைமுடியும் ஒரே ஈரத்தரையில் விழுந்தன. முருகன் என் ரகசியத்தை எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல வாரம் கழித்து அன்றுதான் பயம் முழுசாக விட்டது. பாவம் அப்பா, ஒன்றும் தெரியாமல் மொட்டை போட்டுக்கொள்கிறாரே என்று நினைத்து, சந்தனத்தைக் குழைத்து அவர் தலையில் நானே தடவிவிட்டேன்.